பொட்டுக்கு அடியில் இருந்த எண்

போன மாதம் எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பந்தல்குடி ரோட்டில் புதிதாகப் பட்டறை போட்டிருப்பவர். "பழைய லாரிக்குப் பெரிய இன்ஜின் ஏத்தியாச்சு. கியர் பாக்ஸையும் பின் அச்சு ஹவுசிங்கையும் அப்படியே விட்டா ஓடாதா?" என்று குரலில் பேசி அனுப்பியிருந்தார். ஓடும் என்றார் ஒருவர். ஓடும், ஆனால் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு ரோஜாப் படம் போட்டு எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். ஓய்வு பெற்று, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த நான், இதற்குப் பதில் சொல்ல என்னை விடத் தகுதியான ஆள் இந்த ஜில்லாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேலையில் என்னை விடப் பெரிய தப்பைச் செய்தவன் இங்கே யாரும் கிடையாது.

என் பெயர் கிருஷ்ணன். அருப்புக்கோட்டையில் முப்பத்தெட்டு வருஷம் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தவன். வானத்தை விட அதிகமாக ஹவுசிங்கைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தறி. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ். என்னைத் தறியில் உட்கார வைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இவன் கைக்கு இரும்புதான் தாங்கும் என்று அப்பா என்னைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். அவர் நினைப்பும் தப்பு என்று பட்டறைக்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். முதல் சில வருஷங்கள் நட்டுக் கழுவினேன், அடுத்த சில வருஷங்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அதற்குப் பிறகு தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பவர்களைத் திட்டும் உயரத்துக்கு வந்தேன். பயிற்சி என்பது அவ்வளவுதான்.

பட்டறைக்குத் தலைவர் சங்கரலிங்கம் மேஸ்திரி. லாரிப் பட்டறையில் வெள்ளை வேட்டி கட்டி வேலை பார்த்த ஒரே மனிதர். சாயங்காலம் வரை அந்த வேட்டியில் ஒரு துளி கிரீஸ் இருக்காது. எப்படி இருக்கும்? கிரீஸ் முழுவதும் எங்கள் மேல் அல்லவா இருந்தது. ஆனால் அவர் காதுக்கு நிகரான காதை நான் பார்த்ததில்லை. வண்டிக்காரர் யாராவது வந்து, வண்டியில் என்னவோ சத்தம் வருகிறது என்றால், மேஸ்திரி வண்டியைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "செஞ்சு காட்டுங்க" என்பார். அவர்கள் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்ட வேண்டும். மூன்று நான்கு லாரி வைத்திருக்கும் முதலாளிகள், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள், எங்கள் பட்டறை வாசலில் நின்று "ஙொய்ய்ய்ங்" என்று கத்தியிருக்கிறார்கள். "இன்னுங் கொஞ்சம் அடித்தொண்டையிலயா, மேலயா?" என்று மேஸ்திரி கேட்பார். அவர்கள் திருத்திக் கத்துவார்கள். பிறகுதான் அவர் கண்ணைத் திறந்து எந்தப் பேரிங் போய்விட்டது என்று சொல்வார்.

இப்படி ஒரு நாள் வந்தவன்தான் சுப்பையா. எம்.ரெட்டியபட்டிக்காரன். சொந்தமாக ஒரே ஒரு பழைய லாரி, அதற்கு அவனே டிரைவர். திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டங்களில் கருவேலங்கரி ஏற்றி, செங்கோட்டை தாண்டி மலையேறிக் கேரளாவுக்குக் கொண்டுபோவான். நம் பக்கம் தரை உள்ளங்கை மாதிரி இருப்பதால் எந்த இன்ஜினும் ராஜாதான். மலையில்தான் வேஷம் கலையும். ஒரு வளைவில் வண்டி ஏற முடியாமல் திணறியபோது, பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி, லாரியோடு கூடவே நடந்து வந்து, "நாங்க முன்னால போயி, நீங்க வாரீகன்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாராம். கரி வாங்கும் வியாபாரியோ, இனி ஒரு நடை தாமதமானால் வேறு லாரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த நடை போனால் சுப்பையாவுக்கு வேறு பிழைப்பில்லை. எங்கோ விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து நல்ல டர்போ இன்ஜின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"இதத் தூக்கி வச்சு நாலு போல்ட்டப் போட்டுக் குடுங்க மேஸ்திரி, நாளைக்கு லோடு இருக்கு" என்றான்.

மேஸ்திரி அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் வேலை பெரிசு என்று அர்த்தம்.

"இன்ஜினு தர்ற முறுக்க முத கியரு ஏழு மடங்காக்கும். அத ஹவுசிங்கு இன்னும் ஆறு மடங்காக்கும். அம்புட்டும் கடைசியில யாரு தலையில விழும்? இந்தா, இதுமேல" என்று அலமாரியிலிருந்து ஒரு பினியனை எடுத்து அவன் கையில் வைத்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாரியின் பின் அச்சுக்கு நடுவில் பானை மாதிரி உப்பியிருப்பதுதான் ஹவுசிங். அதற்குள் இரண்டு பல் சக்கரங்கள். தட்டு மாதிரிப் பெரியது கிரவுன். அதைத் திருப்புகிற சின்னது பினியன். இன்ஜினின் பலம் முழுவதும் இந்தச் சின்னதன் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும்.

"ஒன் பழைய பினியனு பழைய இன்ஜினுக்குப் பொறந்தது. இந்த இன்ஜின வச்சு மலையில முத கியரு போட்டேன்னா பல்லு பல்லாக் கழண்டு கையில வரும்" என்றார் மேஸ்திரி.

ஆக, கிளட்ச் பிளேட் பெரியதாக மாறியது. கியர் பாக்ஸ் கனமான வண்டியினுடையது வந்தது. ஹவுசிங்கும் பெரியதாக, பினியனுக்கு ஏழு பல், கிரவுனுக்கு நாற்பத்தொன்று என்று முடிவானது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் ஏற்றுவதற்குச் சுப்பையா அலைந்தான். நாளைக்கு லோடு என்றவன் மூன்று வாரம் பட்டறையிலேயே கிடந்தான். மத்தியானம் எங்கள் சாப்பாட்டுத் தூக்கில் கைவைக்கும் அளவுக்கு உறவானான்.

இனி என் கதைக்கு வருகிறேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே பிறக்கின்றன. ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, இரண்டின் முகத்திலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். பல் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரு ஜோடியின் கிரவுனை இன்னொரு ஜோடியின் பினியனோடு சேர்க்கக் கூடாது. அதனால் எங்கள் பட்டறையில் மேஸ்திரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜோடியைக் கழற்றியவுடன் இரண்டையும் சேர்த்து ஒரு மஞ்சள் கயிற்றால் கட்டிவிடுவார். கயிறு இருந்தால் ஜோடி சரி என்று அர்த்தம். எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

அந்தச் சமயம் அலமாரியில் ஏழுக்கு நாற்பத்தொன்று ஜோடி இரண்டு இருந்தன. ஒன்று சுப்பையாவுக்கு, மற்றது ஒரு தண்ணீர் லாரிக்கு. மேஸ்திரி கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போயிருந்தார். ஆயுத பூஜை வந்தது. பட்டறை முழுவதும் என் பொறுப்பு. பொறுப்பு வந்தால் எனக்குப் பக்தியும் சேர்ந்து வரும். கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன கயிறோடு சாமான்களைச் சாமி முன்னால் வைப்பதா என்று எல்லாக் கயிற்றையும் அறுத்தேன். இரண்டு ஜோடிகளையும் ஒரே தொட்டி டீசலில் ஊறப் போட்டுப் பளபளவென்று கழுவினேன். புதுக் கயிறு கட்டினேன். சந்தனத்தைக் குழைத்து, முகத்தில் எங்கே வழவழப்பாக இடம் இருக்கிறதோ அங்கே பெரிதாகப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். வழவழப்பான அந்த இடத்தில்தான் எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

எங்கள் பட்டறையில் இன்னொரு பழக்கமும் உண்டு. பூஜைப் பொட்டைத் துணியால் துடைக்க மாட்டோம். வேலையில் தானாகப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். எனவே பூஜை முடிந்து சுப்பையாவின் ஹவுசிங்கைக் கட்டியபோது பற்களை மட்டும் பிரஷ் போட்டுக் கழுவினேன். பொட்டு பத்திரமாக இருந்தது.

பல் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துக் கிரவுனின் பத்துப் பற்களில் மெல்லியதாகப் பூசி, பினியனைக் கையால் சுற்ற வேண்டும். பல்லும் பல்லும் தொட்ட இடத்தில் செந்தூரம் அழிந்து ஒரு தடம் விழும். அது பல்லின் நடுவில், வேப்பிலை அகலத்தில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் எல்லாவற்றையும் பிரித்து, காகிதக் கனத்தில் இருக்கும் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ வைத்து, மறுபடி பூட்டிச் சுற்ற வேண்டும். நல்ல ஜோடி ஒரே காலையில் உட்கார்ந்துவிடும். இது இரண்டு நாள் உட்காரவில்லை. நான்கு பல்லில் தடம் நடுவில் விழும், ஐந்தாவது பல்லில் ஓரத்துக்கு ஓடும். நானும் பிரித்தேன், பூட்டினேன், பிரித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்தபோதெல்லாம், பூட்டுவதற்காக அறுத்துப்போட்ட புது மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்தேன். அதைக் கட்டியவன் நானே என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பந்தல்குடி வரை வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். வேகம் நாற்பதைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சன்னமான இரைச்சல் வந்தது. எனக்குக் கேட்டது.

"பாடுதுண்ணே!" என்றான் சுப்பையா சந்தோஷமாக.

"புதுசுல, அப்படித்தான்" என்றேன் நான்.

மறுநாள் விடியற்காலையில் அவன் கரி லோடோடு கிளம்பிப் போய்விட்டான். ஒன்பது மணிக்கு கடைசல் லேத் வைத்திருக்கும், வீரசோழன் ஊர்க்காரரான காதர் பாய், தண்ணீர் லாரி ஜோடிக்குப் பேரிங் அளவெடுக்க வந்தார். லேத்தில் பிடிக்க வேண்டுமென்றால் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். "பொட்டத் தொடைக்கலாமாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் துடைத்தார். துடைத்தவர் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கிட்ணண்ணே, இது ரெண்டுலயும் வேற வேற நம்பருல்ல இருக்கு?"

இந்த இரண்டும் வேறு என்றால் சுப்பையாவின் வண்டிக்குள் இருக்கும் இரண்டும் வேறு. கூட வேலை பார்த்துப் பழகியவன், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், பத்து டன் கரியோடு மலையேறப் போகிறான். பாதி ஏற்றத்தில் பினியன் உடைந்தால் இன்ஜினின் பிடி அற்றுப்போகும். அந்த லோடை வெறும் பிரேக்கை நம்பி வளைவில் நிறுத்த வேண்டும்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி உருளும்போது போனைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியவர் மேஸ்திரி. எத்தனையோ டிரைவர்களிடம் அவர் வாங்கிய சத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றியவன் இவன் ஒருவன்தான். எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவனுடைய தூக்கம். செங்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும்வரை தூங்கிவிட்டுத்தான் மலையேறுவேன் என்று பட்டறையில் அடிக்கடி சொல்லுவான். அப்படி ஒரு சோம்பேறியா என்று கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு விருதுநகர், ராஜபாளையம், தென்காசி என்று பஸ் மாறி மாறிப் போகும்போது, முருகா, அவன் நன்றாகத் தூங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பொய்யையும் தயார் செய்தேன். வாங்கிய பினியனிலேயே கீறல் இருந்ததாகச் சொல்லிவிடலாம். விற்றவன் யாரோ, எங்கோ. மேஸ்திரி பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது. தென்காசி வருவதற்குள் பொய் பல் உட்கார்ந்து கச்சிதமாகச் சுற்றியது.

செங்கோட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் லாரி நின்றது. சுப்பையாவைக் காணோம். குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் பாய் விரித்து, சரியாக ஹவுசிங்குக்குக் கீழே முகத்தை வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். நான் ஊர்ந்துபோய் ஹவுசிங்கில் கை வைத்தேன். வண்டி நின்று வெகுநேரம் ஆகியும் சுட்டது. ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். எண்ணெயில் வெள்ளித் தூள் மினுங்கியது. பல் தேய ஆரம்பித்திருந்தது.

அவன் கண்ணைத் திறந்து, தன் முகத்துக்கு மேல் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே? நீங்க எங்க இங்க?" என்று எழப்போய் ஹவுசிங்கில் நங்கென்று முட்டிக்கொண்டான்.

அந்த நங்கென்ற சத்தத்தில் என் பொய் எங்கே போனது என்று தெரியவில்லை. "சுப்பையா, நான் ஜோடிய மாத்திப் பூட்டிட்டேன்யா. நம்பரப் பாக்கல. பொட்டு வச்சு மறச்சது நாந்தேன். இதோட நீ மேல ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் வெளியே ஊர்ந்து வந்தோம். அவன் தலையைத் தேய்த்துக்கொண்டே மலையைப் பார்த்தான். "ஏறியிருந்தா?"

"ஒடஞ்சிருக்கும்."

"வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்குண்ணே" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாயை வெளியே இழுத்துச் சுருட்டிக்கொண்டே அவனே கேட்டான். "இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வந்தீகளாக்கும். போனு போட்டுச் சொல்லிருக்கலாம்ல?"

"நீ எடுக்கலையேய்யா! எத்தனை தடவ போட்டேன்!"

"வண்டி ஓடிக்கிட்டிருக்கயில எடுக்கக் கூடாதுன்னு மேஸ்திரிதான சத்தியம் வாங்குனாரு?" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்டீகளா?" என்றான்.

கரி மூட்டைகளை வேறொரு லாரிக்கு மாற்றி அனுப்பினோம். வியாபாரியிடம் போனில் நானே பேசி, தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மலையாளம் அவரைக் குழப்பியதே தவிரக் கோபப்படுத்தவில்லை. மறுநாள் வெறும் வண்டியை உருட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பட்டறையில் மேஸ்திரி வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. காதர் பாய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மேஸ்திரி வண்டியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "செஞ்சு காட்டு" என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாயைத் திறந்து அந்தச் சத்தத்தைச் செய்தேன். மீசை நரைக்க ஆரம்பித்த ஆள், பட்டறை நடுவில் நின்று, "ஊஊய்ய்ய்ங்" என்று கத்தினேன். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"இந்தச் சத்தம் பந்தல்குடிக்குப் போனப்பவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேஸ்திரி."

"செந்தூரம் எத்தன நாளா உக்காரல?"

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா அது ஒங்கிட்டப் பேசியிருக்கு. நீ கயித்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கயித்த நம்ப வச்சவன் நாந்தான். கட்டுனா ஆச்சுன்னு இருந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அவர் தன்மேல் குற்றம் போட்டுக்கொண்டதைக் கேட்டு எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

பல் தேய்ந்த அந்த ஜோடியோடு, தண்ணீர் லாரிக்கென்று இருந்த அதன் பழைய துணைகளையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு லாரிகளுக்கும் வேறு ஜோடிகள் வாங்கினார். சுப்பையாவுக்கு வந்த ஜோடியின் எண்ணை நான் உரக்கப் படிக்க, காதர் பாய் சரிபார்த்தார். செந்தூரத் தடம் ஒரே காலையில், பத்துப் பற்களிலும் நடுவில் விழுந்தது. அடுத்த லோடுக்குச் சுப்பையா கிளம்பியபோது மேஸ்திரி என்னைப் பார்த்து, "நீயும் ஏறு. நீ பூட்டுனது, நீயே உக்காந்து போயிட்டு வா" என்றார்.

மலையில் மூன்றாவது வளைவு. செங்குத்தான ஏற்றம். சுப்பையா வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினான்.

"என்னய்யா?" என்றேன்.

"சும்மாண்ணே. நிப்பாட்டி எடுத்தா எடுக்குதான்னு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டான். அத்தனை கரியோடும் வண்டி ஒரு முனகல் இல்லாமல் மேலே ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குத் தெரியக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நான்கு வளைவுக்கும் அவன் அந்தப் பஸ் கண்டக்டர் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைக்கும் வேலையை மேஸ்திரி என்னிடமே கொடுத்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நம்பருக்குத் தள்ளி வையிப்பா. அதுவும் சாமி கும்பிடட்டும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் பொட்டும் உண்டு, கயிறும் உண்டு. ஆனால் பூட்டுவதற்கு முன் எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

இது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழுவில் கேட்ட தம்பிக்கு, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மாற்றும்போது எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். நீளமாக எழுதியதால் யாரும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். ரோஜாப் படத்துக்கு மட்டும் பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அதே வாரத்தில் என் மகள் கல்யாணத்துக்கு அழைக்கச் சுப்பையாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சுண்ணே. சொல்லுங்க, நம்பரு எதும் மாறிருச்சா?"

இத்தனை வருஷமாக நான் எப்போது கூப்பிட்டாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகவும் இருக்கும், அவன் இருந்து கேட்கிறானே என்று நிம்மதியாகவும் இருக்கும்.

கல்யாணத்தன்று மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரையும் அந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு மண்டப வாசலில் வந்து நின்றான். நான் பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக வரவேற்கப் போனேன். அவன் இறங்கிக் கையை நீட்டினான். நான் அவனைத் தாண்டிப்போய், முழங்கால் வலியோடு பின் சக்கரத்தருகே குனிந்து, ஹவுசிங்கில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சுடவில்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, கிரீஸ் பட்ட கையாலேயே அவன் கையைப் பிடித்து, "வாய்யா, சாப்டியா?" என்று கேட்டேன்.